ஒட்டுப்பலகைப் பன்றியும் வெடிக்காத துப்பாக்கியும்

‘டப்’ என்றது. அவ்வளவுதான்.

தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லால் குத்தினால் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம். அதைத் தொடர்ந்து வந்திருக்க வேண்டிய இடி, புகை, தோளில் உதை, ஊரார் கைதட்டல் எதுவும் வரவில்லை.

எதிரே, காட்டோரத்து மண்மேட்டுக்கு முன்னால், ஒட்டுப்பலகையில் அறுத்து வண்ணம் பூசிய காட்டுப் பன்றி ஒன்று நின்றது. நான் அதைக் குறிபார்த்தபடி நின்றேன். எங்கள் இருவரில் பன்றிதான் நிதானமாக இருந்தது.

எனக்குப் பின்னால் துப்பாக்கிச் சங்கத்தார் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிரில் மூச்சு விட்டால் புகையாகத் தெரியும். ஒருவரிடமிருந்தும் புகை வரவில்லை. துப்பாக்கியிடமிருந்தும் வரவில்லை.

“அசையாதீங்க! குழல் பன்றியைப் பார்த்தே இருக்கட்டும்!” என்று கெர்லிண்டே அம்மையாரின் குரல் மட்டும் வந்தது.

குப்பைத் தொட்டிகளின் நிறங்களைப் பற்றிய சென்ற அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ‘ஜெர்மனியில் உங்களுக்கு வீரதீரமாக ஒன்றுமே நடக்கவில்லையா?’ என்று கேட்ட வாசகருக்கு இந்த வாரத்தை அர்ப்பணிக்கிறேன். நடந்தது ஐயா. அதாவது, நடந்திருக்க வேண்டும்.

பன்றி மேல் ஒரு பெயர்

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஏதோ ஒரு ஜனவரி. வால்டோர்ஃபில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை தேடுவது என் பிழைப்பு. பக்கத்து நாற்காலி ஹோல்கருடையது. வார நாட்களில் மென்பொருள், வார இறுதியில் வேட்டை. உரிமம் பெற்ற வேட்டைக்காரர். அவருடைய மேசையில் பிள்ளைகளின் படம் இல்லை. தான் சுட்ட மான்களின் படம் இருந்தது.

அவரிடம் பழங்காலத்துத் துப்பாக்கி ஒன்று உண்டு. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அந்தக் குடும்பம். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். துணி சுற்றிய ஈயக் குண்டை வைத்துக் கோலால் இடித்து இறக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சின்னக் காம்பு இருக்கும். அதன் தலையில் செப்புத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும். சுத்தி விழுந்தால் தொப்பி வெடிக்கும். அந்தப் பொறி காம்பின் துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். காகிதத்தில் மிகவும் எளிது.

உயிருள்ள பன்றியை இந்தத் துப்பாக்கியால் சுட அங்கே அனுமதி இல்லை. ஆகவே ஹோல்கரின் சங்கத்து வேட்டைக்காரர்கள், ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, பலகைப் பன்றியை வேட்டையாடுவார்கள். சட்டம், பன்றி இரண்டுக்குமே சேதாரம் இல்லை.

வழக்கம் என்னவென்றால், முதன்முறை சுடுகிறவனுக்கு ஒரே ஒரு குண்டு. பன்றியில் பட்டால், அந்தத் துளைக்குப் பக்கத்தில் அவன் பெயரைத் தூரிகையால் எழுதுவார்கள். அன்றிலிருந்து அவன் சங்கத்து ஆள். பன்றியைச் சங்கக் கட்டடத்தின் சுவரில் மாட்டிவிடுவார்கள். அங்கே பன்றிகள் மேற்கூரை வரைக்கும் வரிசையாகத் தொங்கின. ஹான்ஸ், வெர்னர், மறுபடியும் ஹான்ஸ். படாவிட்டால் அடுத்த ஜனவரிக்கு வரலாம்.

எனக்கு அடுத்த ஜனவரி கிடையாது. மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து பொள்ளாச்சிக்குப் பெட்டி கட்ட வேண்டும். அந்த நாட்டில் அதுவரை என் பெயர் தபால் பெட்டியில் மட்டுமே இருந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு. ஹான்ஸ்களுக்கு நடுவில், ஒரு பன்றியின் விலாவில், ‘சரவணன்’ என்று இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள். மனிதனுக்கு ஆசை எந்த மிருகத்தின் மேல் வரும் என்று சொல்ல முடியாது.

கார் கண்ணாடிக்குப் பின்னால்

திருநாளன்று அந்தக் கிராமத்துக்குப் பேருந்து இல்லை. என்னைக் காரில் கொண்டுபோய் விட்டவர் குகன் அண்ணை. நான் குடியிருந்த பக்கத்து ஊர் வீஸ்லோக்கில் எனக்குக் கீழ் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். பேக்கரியில் அடுப்படி வேலை. வழி நெடுக அர்ச்சனை.

“தம்பி, நாங்கள் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்க ஏலாதெண்டு நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். நீர் என்னடாவெண்டா, விடிய வெள்ளன எழும்பி, பஸ்ஸும் இல்லாத நாளிலை அதைத் தேடிப் போறீர். உமக்கென்ன விசரே?”

“இது சும்மா பலகைப் பன்னிங்கண்ணா.”

“பலகை உமக்கு என்ன செய்தது?”

 

“நான் காருக்குள்ளை இருக்கிறன்,” என்றார், போய்ச் சேர்ந்ததும். “கண்ணாடியை ஏத்திப்போட்டு ரேடியோவைப் போடுவன். எல்லாம் முடிஞ்சாப்பிறகு வந்து தட்டும்.”

அப்படியே செய்தார். ரேடியோவில் என்ன பாட்டு என்று எனக்குக் கேட்கவில்லை. துப்பாக்கிச் சத்தத்தை மறைக்கும் அளவுக்கு வைத்திருந்தார் என்பது மட்டும் கார் கதவு அதிர்ந்ததில் தெரிந்தது.

வைத்தியர்கள்

மறுபடி பன்றிக்கு வருவோம்.

குளிரில் இந்தத் துப்பாக்கி வெடிக்காவிட்டால் முதல் விதி, சும்மா நிற்பது. உள்ளே மருந்து மெல்லக் கனன்றுகொண்டிருக்கலாம்; திடீரென்று எழலாம். ஆகவே குழலைப் பன்றிப் பக்கமே வைத்துக்கொண்டு முழு நிமிடம் நிற்க வேண்டும். கெர்லிண்டே அம்மையார் கடிகாரம் பார்த்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அன்றைய மேற்பார்வையாளர். நாற்காலியில், கம்பளி உறை போட்ட வெந்நீர்ப் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் உயிர்களுக்குப் பொறுப்பாக இருந்தார்.

“இப்ப புதுத் தொப்பி மாட்டலாம்.”

மாட்டினோம். டப். மௌனம். நிமிடம்.

அதற்குள் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். கறுப்புக் கயிறு கட்டுவதிலிருந்து கஷாயம் வரைக்கும் நம் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். ஜெர்மன்காரர்களுக்கு நடுவில் ஒரு துப்பாக்கியைக் காய்ச்சலில் விழ வைத்துப் பாருங்கள்.

“தொப்பி சரியா உட்காரலை,” என்றார் பச்சைத் தொப்பி போட்ட ஒருவர். “குளிர்ல சுத்தியோட வில் சோம்பலாயிடும். முதல் அடியில தொப்பி கீழே இறங்குது, அவ்வளவுதான்.”

“தொப்பி வெடிச்சதை நாமதான் கேட்டோமே,” என்றார் ஹோல்கர்.

“அப்ப மருந்து ஈரம். வெளியிலிருந்து சூடான அறைக்குள்ள கொண்டுபோனீங்களா? போனா வியர்க்கும்.”

“கொண்டுபோகலை.”

“கொண்டுபோயிருப்பீங்க,” என்றார் பச்சைத் தொப்பி. அவருக்கு உண்மையைவிடத் தன் கட்சி முக்கியம்.

நான் சும்மா இருப்பேனா? என் சட்டைப் பையில் ஒரு படம் இருந்தது. இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து, ‘தொப்பி வெடித்ததா? ஆம், இல்லை’ என்று கட்டம் கட்டி, அம்புக்குறி போட்டு, அலுவலகத்து இயந்திரத்தில் பிளாஸ்டிக் உறையும் போட்டு வைத்திருந்தேன். சுடவே தெரியாதவன் சுடாத துப்பாக்கிக்கு வரைபடம் வரைந்திருந்தான். அதன்படி தொப்பி வெடித்தும் மருந்து பற்றவில்லை என்றால், இடையில் பாதை அடைத்திருக்கிறது.

“பாதை அடைப்பு,” என்று அறிவித்தேன்.

“காலையில வெறுங்குழல்ல ரெண்டு தொப்பி வெடிச்சுப் பார்த்தியா?” என்றார் ஹோல்கர். உள்ளே எண்ணெய் இருந்தால் அதில் எரிந்துவிடும். குழலைத் தரைப் பனிக்கு நேரே பிடித்து வெடித்தால் பனி சிதற வேண்டும். சிதறினால் பாதை திறந்திருக்கிறது.

“வெடிச்சேன்.”

“பனி சிதறிச்சா?”

பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டாலும் சிதறியிருக்காது.

“இல்ல... ஆனா அது பனியோட தப்பு,” என்றேன்.

ஹோல்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நிரலில் பிழை வந்தபோதெல்லாம் நான் கணினியைக் குறை சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்கும்.

நல்ல துவக்கு

இந்த இடத்தில் கார் கதவு திறந்தது. குகன் அண்ணை காதை ஒரு கையால் பொத்தியபடி, சங்கக் கட்டடத்தின் சுவரோரமாகவே நடந்து வந்தார்.

“என்ன தம்பி, இன்னும் ஒண்டும் கேக்கேல்லை?”

“வெடிக்க மாட்டேங்குதுங்கண்ணா.”

காதிலிருந்து கையை எடுத்தார். சங்கத்தாரையும் வைத்தியர்களையும் என் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“என்ர சீவியத்திலை இப்பிடி ஒரு நல்ல துவக்கைக் கண்டதில்லை. தயவு செய்து ஒருத்தரும் இதைத் திருத்தாதேங்கோ.”

“உங்க நண்பர் என்ன சொல்றார்?” என்றார் ஹோல்கர்.

“துப்பாக்கியைப் பாராட்டறார்.”

ஹோல்கருக்கு மகிழ்ச்சி. பரம்பரைத் துப்பாக்கி அல்லவா.

ஆனால் கெர்லிண்டே அம்மையார் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். மதியம் கோயில் மணி அடித்தால் கிராமத்துக்கு ஓய்வு நேரம்; அப்புறம் ஊசி விழும் சத்தம் கூடாது. “ஒண்ணு, மணி அடிக்கிறதுக்குள்ள சுடுங்க. இல்லேன்னா திருகாணி போட்டுக் குண்டை வெளியே இழுத்துடலாம். இழுத்தா வாய்ப்பு முடிஞ்சது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

அடுத்த வருஷமாம். நான் பொள்ளாச்சியில் தேங்காய் லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பேன். இங்கே பன்றியின் விலாவில் மூன்றாவது ஹான்ஸ் ஏறியிருப்பான்.

ஹோல்கர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக் காம்பின் துளைக்குள் விட்டார். அது பாதியிலேயே நின்றது. மெல்லத் திருகி வெளியே இழுத்தார். நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

“மெழுகா?”

யாருக்கும் தெரியவில்லை. பச்சைத் தொப்பிகூடக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

தலையில் பனி

அப்போதுதான் கெர்லிண்டே அம்மையார் என் தலையைப் பார்த்துக் கேட்டார்: “உங்க முடியில என்ன, பனியா?”

பனி பெய்யவே இல்லை. வானம் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. காதுக்கவசம் மாட்டுவதற்காகக் கம்பளிக் குல்லாவைக் கழற்றி வெகுநேரம் ஆகியிருந்தது. தலையைத் தொட்டேன். விரலில் வெள்ளைத் துகள் ஒட்டியது. முகர்ந்தேன்.

பிறகு ஹோல்கரின் கையிலிருந்த கம்பியை வாங்கி முகர்ந்தேன். இரண்டும் ஒரே மணம்.

தேங்காய் எண்ணெய்.

இங்கே நான் ஒரு கிளைக்கதை சொல்லியே ஆக வேண்டும். பொள்ளாச்சியில் பிறந்தவன் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்பினால், வீட்டில் யாரோ தவறிவிட்டதாகத் துக்கம் விசாரிப்பார்கள். அம்மா செக்கில் ஆட்டி, புட்டியில் அடைத்து, மூடிக்கு மேல் மெழுகு வைத்து அனுப்புவார். வீஸ்லோக் குளிரில் அது புட்டிக்குள் கல்லாகிவிடும். காலையில் பல் விளக்குவதற்கு முன் நான் செய்யும் முதல் காரியம், புட்டியை அறைச் சூடேற்றியின் மேல் வைப்பது. அந்த நாட்டில் நான் சூரிய நமஸ்காரம் செய்ததில்லை. சூடேற்றி நமஸ்காரம் தவறியதே இல்லை.

முந்தின நாள் ஹோல்கர் வீட்டு நிலவறையில், கொதிகலன் பக்கத்தில் உட்கார்ந்து, துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடும் பொறுப்பை நான்தான் வலியப் போய் வாங்கிக்கொண்டேன். “கனிம எண்ணெய் வேண்டாம்,” என்று ஹோல்கர் சொல்லியிருந்தார். “கரிமருந்தோட சேர்ந்தா தார் ஆயிடும். தாவர எண்ணெய்தான் போடணும்.”

என் பையில் தாவர எண்ணெய் இருந்தது. தாவரங்களின் அரசன்.

“தாவரமா?” என்று பியர் குடித்துக்கொண்டே கேட்டார்.

“சுத்தமான தாவரம்.”

கொதிகலன் மேல் வைத்து உருக்கினேன். உருக்கித்தான் ஊற்றினேன். தாராளமாக ஊற்றினேன், எண்ணெய் விஷயத்தில் எங்கள் ஊர்க் கை குறுகாது. துப்பாக்கியை நிமிர்த்திச் சாத்தி வைத்தேன். எண்ணெய் மெல்ல இறங்கி அடியில் தேங்கியது. மறுநாள் குளிரில் அங்கேயே உறைந்து, பொறி போகும் பாதைக்குச் சீல் வைத்துவிட்டது. தினமும் காலையில் உறைந்த புட்டியோடு மல்லுக்கட்டுகிற ஒரு பொறியியல் பட்டதாரிக்கு, துப்பாக்கியும் ஒரு புட்டிதான் என்று தோன்றவில்லை. விதி சரி. தாவரம்தான் தப்பு.

என் வரைபடத்தில் தேங்காய்க்குக் கட்டம் இல்லை.

வெந்நீர்ப் பை

விஷயத்தைச் சொன்னேன். ஹோல்கருக்குக் கோபம் வருவதற்கே நேரம் பிடித்தது. முதலில் அவர் அதை நம்ப வேண்டியிருந்தது. “தலைக்குப் போடற எண்ணெயையா?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“தம்பி,” என்றார் குகன் அண்ணை, “அதுக்குப் பேன் இருந்ததோ?”

“அண்ணை, சும்மா இருங்க!”

என் கண் கெர்லிண்டே அம்மையாரின் மடிக்குப் போயிற்று. தேங்காய் எண்ணெய் உருகுவதற்கு நெருப்பு வேண்டியதில்லை. பொள்ளாச்சியின் ஒரு சாதாரணக் காலை போதும். மருந்து நிறைந்த துப்பாக்கியிடம் அதற்கு மேல் சூட்டைக் கொண்டுபோகவும் கூடாது.

“அம்மா, உங்க வெந்நீர்ப் பை வேணும்.”

 அவர் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த விதிப் பலகையை மேலிருந்து கீழ் வரை படித்தார். எந்த இடத்திலும் வெந்நீர்ப் பை இல்லை.

“தடை இல்லை. அப்ப அனுமதி,” என்றார்.

துப்பாக்கியைத் தாங்கியில் கிடத்தினோம், வாய் பன்றிப் பக்கம். அதன் பின்பாகத்தில் சிவப்புக் கம்பளி உறை போட்ட வெந்நீர்ப் பையை வைத்து, மேலே என் கழுத்துச் சால்வையைச் சுற்றினோம். காய்ச்சல் கண்ட குழந்தை மாதிரி கிடந்தது. வீரவேட்டைக்காரர்கள் சுற்றி நின்று அது எழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து ஹோல்கர் கம்பியை விட்டுப் பார்த்தார். இப்போது முழுக்க இறங்கியது. வழிந்த எண்ணெயைத் துணியால் ஒற்றினார். காம்பைக் கழற்றித் துடைத்து, அடியில் சிட்டிகை மருந்து தூவி, மறுபடி திருகினார். அதில் எதையும் நான் தொடக்கூடாது. மருந்துக்கு உரிமம் அவருடையது. எனக்கு எதற்கு உரிமம் இருந்தது என்றால், வெட்கப்படுவதற்கு.

“இது உன் கடைசித் தொப்பி,” என்றார். “மணி அடிக்கப்போகுது.”

மணம்

துப்பாக்கியைத் தோளோடு அணைத்தேன். குறிபார்த்தேன். பன்றியின் விலாவில் நான் பெயர் எழுதுவதாக நினைத்திருந்த இடம் தெரிந்தது. சுத்தியை விட்டேன்.

டப்.

அப்புறம், ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு முனகல். ஈர விறகு அடுப்பில் அழுவது போல. அந்த முனகலில், அசையக்கூடாது என்று தலைமையாசிரியை படித்துப் படித்துச் சொன்ன அதே கணத்தில், நான் ஒரு நூல் அசைந்தேன்.

இடித்தது. தோளில் உதைத்தது. உலகம் வெள்ளையானது.

புகை விலகியதும் பார்த்தேன். பன்றி அப்படியே நின்றது, மேலில் ஒரு கீறல் இல்லாமல். அதன் வாலுக்குப் பின்னால் இருந்த மரக் கம்பத்தில் புதிதாக ஒரு துளை. தூரத்தில் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. முதன்முறைக்காரனுக்கு ஒரே குண்டு. என் குண்டு கம்பத்துக்குப் போயிற்று.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கரிமருந்துப் புகை வழக்கமாக அழுகிய முட்டை மாதிரி நாறும். அன்றைக்கு, அந்த உறைந்த காட்டோரம் முழுக்க, பாலக்காட்டு சிப்ஸ் கடை வாசல்.

“கோகோஸ்மக்ரோனன்!” என்று கத்தினார் பச்சைத் தொப்பி. தேங்காய்த் துருவலில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் பிஸ்கட் அது. அன்று அவர் சொன்னவற்றில் சரியானது அது ஒன்றுதான். கெர்லிண்டே அம்மையார் சிரித்தார். ஹோல்கர், பாவம், பாதி சிரித்தார்.

நான் குகன் அண்ணையைத் தேடினேன். ஆளைக் காணோம். சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். குந்தி, தலையை இரண்டு கைகளாலும் மூடி, சுவரோடு சுவராக ஒட்டியிருந்தார். என்னைக் கண்டதும் மெல்ல எழுந்தார். முழங்காலில் ஒட்டிய பனியை, தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்துத் தட்டினார்.

“அண்ணை...”

“ஒண்டுமில்லை. கால் தன்ரபாட்டிலை மடங்கினது.” காற்றை முகர்ந்தார். “நத்தார் பிஸ்கட் சுட்டு, ரெண்டு மாதம் பேக்கரியிலை இந்த மணத்துக்குள்ளைதான் நிண்டு வெந்தனான். லீவு நாளிலையும் விடமாட்டீரோ?”

புதிய விதி

என் பெயர் பன்றியில் ஏறவில்லை. ஓய்வு நேரம் முடிந்தபின் சுட்ட ஒரு பல் மருத்துவர் அந்த வருடப் பன்றியை வென்றார். அவர் பெயரும் ஹான்ஸ்.

ஆனால் மார்ச்சில், ஊருக்குக் கிளம்புவதற்கு முன், விடைபெறப் போனபோது விதிப் பலகையின் கடைசியில் புது வரி ஒன்று இருந்தது. கெர்லிண்டே அம்மையாரின் தலைமையாசிரியைக் கையெழுத்து: ‘ஆயுதங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடை செய்யப்பட்டுள்ளது.’ பன்றிகளைக் கரையான் தின்னலாம். விதியைத் தின்ன அந்த நாட்டில் எந்தப் பூச்சியும் கிடையாது. இன்னும் நூறு ஜனவரிகளுக்கு, புதிதாக வருகிற ஒவ்வொரு ஹான்ஸும் அதைப் படித்துவிட்டு, ‘எந்தப் பைத்தியக்காரனால் இது?’ என்று கேட்பான். யாராவது என் பெயரைச் சொல்வார்கள். எழுத்துப் பிழையும் வராது.

குகன் அண்ணையை அந்தப் பலகைக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினேன். அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

“இதை அப்பிடியே எழுதி எடுத்து எங்கடை நாட்டுக்கு அனுப்பவேணும், தம்பி. சண்டை பிடிக்கிற ரெண்டு பக்கத்துக்கும். தடையெண்ட சொல்லை மட்டும் வெட்டிப்போட்டு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“தேங்காயெண்ணெய்க்கு எங்களட்டை ஒரு குறைவுமில்லை,” என்றார். “குளிர்தான் இல்லை.”